காளான் முடித்துக் கொடுத்த முகம்

நேற்று, நான் செய்யும் முகச்சிலையின் அச்சைத் திறந்தேன். வைக்கோல் துண்டுகளோடு சிப்பிக் காளான் வித்தைக் கலந்து உள்ளே அடைத்து 18 நாள் ஆகிறது. நெற்றியும் மூக்கும் நான் செதுக்கியபடியே வந்திருக்கின்றன. ஆனால் இடது கன்னத்தில், மூடி சரியாகப் பொருந்தாத இடுக்கில் காற்றுப் பட்டு, காளானின் வெள்ளை இழை பஞ்சாகத் திரண்டு, அதன் நடுவே மிளகு அளவில் இரண்டு சாம்பல் மொட்டுகள்! கிள்ளியெறியக் கை வரவில்லை. அந்தக் கன்னம் என்னால் யோசித்திருக்கவே முடியாதது.

இப்படி வேறோர் உயிரோடு சேர்ந்து படைத்தவர்கள் முன்பே உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் உபேர் டுப்ரா 1980களின் தொடக்கத்திலிருந்தே கேடிஸ் ஈயின் புழுக்களோடு வேலை செய்துவருபவர். ஓடையில் அந்தப் புழு, தான் சுரக்கும் பட்டு நூலால் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். டுப்ரா மணலுக்குப் பதிலாகத் தங்கத் துகளும் முத்தும் கொடுத்தார்; புழு பொற்கூடு கட்டியது. கனடாவின் அகனேதா டிக் பீங்கான் பொம்மைகளைத் தேனீக்களிடம் விட்டார். அவை பொம்மைகளின்மேல் அடை கட்டின.

புழுவாவது ஈயாகிப் பறந்துபோகும், கூடு மிஞ்சும். என் சிலை நிலைக்க வேண்டுமென்றால் அதைச் சூட்டில் உலர்த்த வேண்டும். காளான் இழை செத்துவிடும். கூடவே உழைத்த உயிரைக் கொன்றுவிட்டு அடியில் என் பெயரைப் பொறிப்பதா? மனம் ஒப்பவில்லை.

உலர்த்தப்போவதில்லை. மொட்டு விரியட்டும், முகம் சிதையட்டும். தினமும் காலையில் ஒரு படம் எடுத்து இங்கே போடுகிறேன்.