அறைக்குள் மூவர்

கதவு சாத்தியிருந்ததா என்று அந்த இளநிலை உதவியாளரிடம் நான் கேட்டிருக்கவே கூடாது. சாத்தியிருந்தது எனக்குத் தெரியும். கோப்புடன் அதே அறையில்தான் நின்றிருந்தேன்.

வேலூர் சத்துவாச்சாரி தேநீர்க் கடையில், அதிகாரி சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதற்கு என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். கண்காணிப்பாளர் என்ற தோரணையில் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், 2018 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. உரிமையியல் நீதிமன்ற அதிகாரத்துடன் விசாரிக்கும், பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம். பழிவாங்கும் மாறுதல் வந்தால், மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லாததால், சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். இதுவரை சொன்னதில் பிழையில்லை. ஆனால், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பேசினால்தான் குற்றம், நான்கு சுவருக்குள் வெளியார் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தேன்.

"நீங்க உள்ளேதானே இருந்தீங்க, சார்?"

உறவினரோ நண்பரோ அல்லாத பிறர் உடனிருந்தால் நிலைமை மாறலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உடன் பணிபுரிபவன் அந்தக் கணக்கில் வருவானா என்பதை நீதிமன்றம் முடிவு செய்திருக்கும். நான் அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. "ஃபைலைப் பார்த்துக்கிட்டிருந்தேன், தம்பி. சரியாக் காதுல விழல" என்றேன்.

ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. 17(பி) என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை ஒன்று வந்தால் ஓய்வுபெற அனுமதிக்காமல் நிறுத்தி வைப்பார்கள் என்பது வெறும் கற்பனையல்ல. அப்படி நின்றவர்களின் கோப்புகளை நானே கையாண்டிருக்கிறேன். என் சாட்சியம் மட்டும் வழக்கை நிலைநிறுத்தியிருக்குமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் அவர் சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பதாலேயே என் சொல்லுக்கு எடை கூடியிருக்கும் என்பதும், என்னைத் தேடி அவர் வந்தது சட்டம் கேட்க அல்ல என்பதும் அன்றே எனக்குப் புரிந்திருந்தன.

என் முதல் நியமன ஆணையில் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் என்றிருக்கும். ஓய்வூதியத் தாள்களுக்காக அதை எடுத்தபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிர்வாகக் காரணம் என்று குறித்து அவரைக் குடியாத்தத்துக்கு மாற்றிய கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. அதற்கு முந்தைய வாரம் அவருக்காகப் புகார் மனு ஒன்றை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். பிரிவுகள், நாள், நேரம் எல்லாம் சரியாக இருந்தன, சாட்சிகள் என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை.