ஒரே ஃபார்முலா, வேறு வேறு வேகம்

மெதுவாக மருந்து வெளியிடும் சில கேப்ஸ்யூல்களைப் பிரித்தால், உள்ளேயிருந்து கடுகு மாதிரி உருண்டைகள் கொட்டும். பெல்லட் என்று சொல்வோம். மருந்தை எப்படிச் செய்வது என்று வகுக்கும் ஃபார்முலேஷன் பிரிவில் நான் அதிகம் பழகியது இவற்றோடுதான். எடை பிசகாமல் அதே பொருட்களைப் போட்டாலும், செய்கிற விதம் மாறினால் மருந்து கரைந்து வரும் வேகமும் மாறிவிடும்.

உருண்டையைக் காயவைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாவைச் சல்லடை வழியாகப் பிதுக்கி, சுழலும் தட்டில் உருட்டி எடுக்கிறோம். அதை ட்ரேயில் வைத்து மெல்ல உலர்த்தினால் நன்றாகச் சுருங்கி இறுகிவிடும். ஃப்ளூயிட் பெட் என்ற இயந்திரத்தில் சூடான காற்றில் மிதக்கவிட்டு வேகமாக உலர்த்தினால் அவ்வளவு சுருங்காது, உள்ளே நுண்துளைகள் கூடுதலாகத் தங்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது.

அடுத்தது கோட்டிங், அதாவது மருந்து மெதுவாக வெளிவரும்படி உருண்டைமேல் பூச்சுப் போடுவது. இங்கேதான் உண்மையான வேலை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேல் வர்ஸ்டர் 1950களில் உருவாக்கிய முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். நடுக்குழாய் வழியாகக் காற்று பெல்லட்டுகளை மேலே தூக்கும், கீழேயுள்ள தெளிப்பு முனையான நாஸில் பூச்சுப் பொருளான பாலிமரைத் தெளிக்கும், விழுந்தவை மறுபடி மேலே ஏறும். காற்றின் சூடு கூடிப்போனால் துளி பெல்லட்டைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடும். பூச்சு சொரசொரப்பாகி ஓட்டை விழும், மருந்து சீக்கிரம் வெளியேறும். சூடு குறைந்தால் இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும், பிரியும்போது பூச்சு பிய்ந்துவிடும். மழைக்காலத்தில் உள்ளே வரும் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால், வெயில் காலத்தில் ஓடிய அதே செட்டிங் கைகொடுக்காது.

அப்படிப்பட்ட ஒரு பாலிமரான எத்தில் செல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்துத் தெளிப்பதும், தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களாகத் தெளிப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் முறையில் தீப்பிடிக்கும் பயமில்லை, கரைப்பான் மிச்சமும் தங்காது. நான் அதையே விரும்புவேன். ஆனால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் முழுப் படலம் ஆகும். அதற்காகத்தான் கோட்டிங் முடிந்ததும் 60 டிகிரி அளவில் சில மணி நேரம் சூட்டில் வைக்கிறோம். க்யூரிங் என்று பெயர்.

"ஃபார்முலா அதேதானே சார், கோட்டிங் வெயிட்டும் வந்தாச்சு, இன்னும் எதுக்கு ஓட்டணும்?" என்று உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இயந்திரம் அங்கே ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது. க்யூரிங் செய்ததையும் செய்யாததையும் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதச் சேம்பரில், நாளாக ஆக மருந்து எப்படி மாறும் என்று சீக்கிரம் பார்ப்பதற்காக வைத்துவிட்டு, பிறகு இரண்டின் டிசொல்யூஷன் கோடுகளையும், அதாவது மருந்து கரைந்து வரும் வேகத்தைக் காட்டும் வரைபடக் கோடுகளையும், அவரிடம் காட்டினேன். செய்யாததன் கோடு கீழே இறங்கியிருந்தது, அதாவது மருந்து முன்னைவிட மெதுவாக வந்தது. நாங்கள் விட்ட வேலையை அந்தப் படலம் சேம்பருக்குள் தானாகவே செய்து முடித்திருந்தது. அப்படி ஒரு மருந்து கடை அலமாரியில் இருந்தால், முதல் மாதம் வாங்குகிறவருக்கும் ஒரு வருடம் கழித்து வாங்குகிறவருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது. இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அவர் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். "எப்போ நிறுத்தலாம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நடுநடுவே சாம்பிள் எடுத்து டிசொல்யூஷன் பார்ப்போம், அடுத்தடுத்த இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் போதும் என்றேன். சரி என்று, ஒவ்வொரு தயாரிப்புக்கும் எழுதும் பதிவேடான பேட்ச் ரெக்கார்டில் அந்த சாம்பிள்களுக்கான கட்டங்களை அவரே வரையச் சொன்னார்.