எரிந்த துவரையின் கணக்கு

பர்மாவின் யாங்கூனில் பருப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து ஐராவதி டெல்டாவிலிருந்தும் பகோ பக்கமிருந்தும் வரும். துவரை மேல்பர்மாவின் வறண்ட பூமியில் விளைவது. சகாயிங், மக்வேயிலிருந்து லாரியில் இறங்கும். தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு பங்கு இந்த ஊர்க் கோணிகளில் போனதுதான்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, சண்டை கடுமையாக நடக்கும் இடங்களில் அந்தத் துவரை பூமியும் ஒன்று. லாரி வரும் வழியில் ராணுவச் சாவடியில் காசு கொடுக்க வேண்டும். அப்புறம் எதிர்ப்புப் படைப் பையன்கள் போட்டிருக்கும் மூங்கில் கேட்டிலும் கொடுக்க வேண்டும். பேரேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: வழிச்செலவு.

இந்த ஒரே பெயர்தான் என்னை உறுத்தியது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங்கின் கன்பலு வட்டாரத்தில், பாசிஜி கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மேல் ராணுவம் விமானத்திலிருந்து குண்டு போட்டது. குழந்தைகளையும் சேர்த்து 160 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகும் டீக்கடையில் "ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்று பேசுகிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. மூங்கில் கேட்டில் எங்கள் டிரைவர் அறை வாங்கியதும் உண்மை, அது அநியாயம்தான். ஆனால் அந்த அறையையும் பாசிஜியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நான் மட்டும் சுத்தமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேனா? அதுவும் இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது: ஏற்றுமதியில் வரும் டாலரை ஒரு நாளுக்குள், டாலருக்கு 1,850 கியாட் வீதம், பர்மியப் பணமாக மாற்றியாக வேண்டும். வெளிச்சந்தையில் விலை அதைவிட அதிகம். பின்னால் கொஞ்சம் தளர்த்தினார்கள். கட்டாயம் முழுசாகப் போகவில்லை. விவசாயி வெயிலில் விளைவித்ததன் டாலர் ராணுவத்தின் ஆட்சிக்குத் தெம்பாகிறது. அந்த ரசீதுகளைக் கோப்பில் சேர்ப்பவன் நான்.

இப்படியிருக்கும்போதுதான் சகாயிங்கின் மோன்யுவா பக்கத்துத் தரகர், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வந்து போன் செய்தார். அவர் ஊரை ராணுவம் எரித்துவிட்டது. வீட்டோடு குதிரில் இருந்த துவரையும், விதைக்கு வைத்திருந்ததும் போயிற்று. "கடன் மட்டும் எரியலை, சரியா?" என்று பர்மியத்தில் கேட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு நாங்கள் கொடுத்த முன்பணம் பேரேட்டில் அப்படியே பற்றாக நின்றது.

பர்மாவில் தமிழன் எழுதிய கடன் கணக்குக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1930-இல் கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் சுமார் 6 சதவீத நிலம் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. உலகமெங்கும் மந்தம், நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு கைக்கு வந்தது. செட்டியார்களுக்கும் வேண்டியிருந்தது பணம், நிலமல்ல. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் நிலத்தை இழந்த குடியானவனுக்குச் சட்டமா தெரியும்? பேரேடு வைத்திருந்தவன் முகம்தான் தெரிந்தது. அந்தக் கோபத்தை எங்கள் தாத்தாக்கள் அனுபவித்தார்கள்.

இதை முதலாளியிடம் சொன்னேன். கடனை வாராக்கடனாகத் தள்ளி எழுதிவிடலாம் என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

"முழுசா தள்ளினா மண்டி நிக்காது தம்பி. அசல் அப்படியே இருக்கட்டும். வட்டி வேண்டாம், யாரும் போய்க் கேக்கவும் வேண்டாம். விதைக்கு என்ன வேணும்னு அவரைக் கேளுங்க."

"நம்ம நஷ்டத்தை யார் தருவாங்க ஐயா?"

"நம்ம வீடு எரியலையே."

எனக்கு அது போதாது என்றுதான் இன்னும் தோன்றுகிறது. எரித்தவன் நஷ்டஈடு தரும் நாள் வரும்வரை, எரிக்கப்பட்டவன் பெயரில் பற்று நிற்கக் கூடாது. வருடக் கணக்கு முடிக்கும்போது மறுபடியும் கேட்பேன்.

வேலையை விட்டுவிடேன் என்கிறார் மனைவி. யோசிக்காமல் இல்லை. நான் போனால் டாலர் உத்தரவு மாறப்போவதில்லை. அந்த அசலுக்கு வட்டி போடுகிற ஒருவர் என் இடத்துக்கு வரக்கூடும். இப்போதைக்கு வழிச்செலவை இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுதுகிறேன். ராணுவச் சாவடிக்குத் தனி, மூங்கில் கேட்டுக்குத் தனி. முதலாளி பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. விதைத் துவரை இரண்டாவது லாரியில் போயிருக்கிறது.