அப்பாவின் பார்க்கின்சன்: படித்ததும் பார்த்ததும்

ஜூன் 3

டோபமைன் என்றாலே 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எழுதிவிடுகிறார்கள். உடம்பின் அசைவைக் குலைக்கும் பார்க்கின்சன் நோய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த விளக்கம் எதற்கும் உதவாது. எழுந்து போகவேண்டும் என்று அப்பா நினைக்கிறார், ஆனால் கால் கிளம்புவதில்லை. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்னக் கரும்பகுதி இருக்கிறது. அதன் நியூரான்கள் (நரம்புச் செல்கள்) மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வரை இழை நீட்டி அங்கே டோபமைனை விடுகின்றன. அப்பாவுக்கு அழிந்துகொண்டிருப்பவை அவைதான்.

ஜூன் 5

மூளையின் மேற்புறணி, செய்ய நினைப்பதையெல்லாம் ஸ்ட்ரையேட்டத்துக்கு அனுப்புகிறது. அங்கே D1, D2 என்று டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. D1 உள்ள செல்கள் அசைவுக்கு வழிவிடும், D2 உள்ளவை தடுக்கும். டோபமைன் முதல் வகையைத் தூண்டி இரண்டாவதை அடக்குகிறது. அது குறைந்தால் தடுக்கும் பக்கமே ஜெயிக்கும். எந்தச் செய்தி எடுபட வேண்டும் என்பதில்தான் டோபமைனுக்கு வேலை.

ஜூன் 9

இன்று படித்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். டோபமைன் குறைந்த மூளையில், புறணியும் ஆழத்திலுள்ள சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சின்னப் பகுதியும் நொடிக்குச் சுமார் 13 முதல் 30 துடிப்புகள் கொண்ட பீட்டா அலையில் அளவுக்கு மீறி ஒன்றிப்போகின்றன. பகுதிகளுக்குள் தொடர்பு அறுந்துபோயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே நடப்பது நேர்மாறு. கூட்டம் முழுக்க ஒரே தாளத்தில் கை தட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்குமா? அப்படித்தான். ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்திய நோயாளிகளிடம் இதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தைக் கொடுத்ததும் அந்த அலை தணிகிறது, உடம்பின் இறுக்கமும் தளர்கிறது. மாத்திரை வேலை செய்யும் நேரங்களில் அப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வதை இனி வேறு கண்ணோடு பார்ப்பேன்.

ஜூன் 14

ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-இல் வெளியிட்ட சோதனை. மூளையின் டோபமைனைக் காலிசெய்யும் ரெசர்பின் என்ற மருந்து கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு, டோபமைனாக மாறும் டோபாவைச் செலுத்தினார், அவை மறுபடி நடமாடின. அந்த ரெசர்பின் நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது! 2000-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

ஜூன் 20

அறை வாசலில் அப்பா சட்டென்று உறைந்து நின்றுவிடுவார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தரையில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினோம். கோட்டைப் பார்த்துத் தாண்டச் சொன்னால் தாண்டுகிறார்! கண்ணில் படும் குறி, பழுதான பாதையைச் சுற்றி வேறு வழியில் கால்களுக்கு ஆணை போக உதவுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சமையலறை வரைக்கும் ஒட்டிவிட்டார்.

ஜூன் 23

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது, இரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்குள் போகாமல் காக்கும் இரத்தமூளைத் தடுப்பு விடாது. லெவோடோபா நுழையும், ஆனால் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு அது போட்டி போடவேண்டும். அதனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பருப்பும் முட்டையும் இனிமேல் ராத்திரிக்குத்தான்.