கோடு போட்ட ஒரு ஓட்டுச்சீட்டு

டேவிட் யான்சி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநில சட்டமன்றத்துக்கு, நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள 94ஆவது தொகுதியில் நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர். பழமைவாதக் கட்சிக்காரர், அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினரும் அவர்தான். 2017 நவம்பரில் தேர்தல். முதலில் 10 ஓட்டு முன்னிலையில் இருந்தார். மறுபடி எண்ணியபோது ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் முந்திவிட்டார்.

மறுநாள் ஒரு சீட்டு நீதிபதிகள் முன்னால் வந்தது. ஓட்டுப் போட்டவர் இரண்டு பேருக்குமான வட்டத்தையும் நிரப்பியிருக்கிறார். ஆனால் சைமண்ட்ஸ் பக்கம் மட்டும் குறுக்கே ஒரு கோடு. மூன்று நீதிபதிகள் கூடிப் பார்த்து, அது யான்சிக்கான ஓட்டு என்றார்கள். ஆளுக்கு 11,608. சமம்!

சரி, இனி என்ன செய்வது? சட்டப்படி குலுக்கல்தான். 2018 ஜனவரி 4 அன்று, பெயர் எழுதிய துண்டுத் தாள்களைப் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, அருங்காட்சியகத்திலிருந்து வாங்கி வந்த கிண்ணத்தில் வைத்தார்கள். தேர்தல் வாரியத் தலைவர் கை விட்டு எடுத்தார். யான்சி. அந்த ஓர் இடத்தால் 100 பேர் கொண்ட அவை 51க்கு 49 என்று அவர் கட்சியிடமே நின்றது.

2019இல், எல்லை மாற்றப்பட்ட அதே தொகுதியில், சைமண்ட்ஸ் அவரைத் தோற்கடித்தார். அது தனிக்கதை.

எனக்கு அந்தக் கோடு போட்ட கைதான் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. தப்பாக நிரப்பிவிட்டோம் என்று தெரிந்ததும், அந்த மறைப்புக்குள் நின்று, பேனாவை இன்னொரு தடவை எடுத்திருக்கிறார் பாருங்கள்.