தண்ணீர் இறங்காத வழி

ஆகஸ்ட் 23, சனி

தினமும் கண்ணில் படுகிற மலைதான். அதில் சைக்கிள் ஓட்ட வழி உண்டா என்று தேட ஆரம்பித்ததும் வேறு மலையாகிவிட்டது. மாலை முழுக்க வரைபடத்திலேயே போயிற்று.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதில் மலைக்குள் சில புள்ளிக்கோடுகள் இருக்கின்றன. யாரோ நடந்து போய்ப் பதிவு செய்தவை. ஒரு பாதை மவுண்டன் பைக்குக்கு எவ்வளவு கடினம் என்று 0 முதல் 6 வரை எண் போடும் வசதி அதில் உண்டு. 0 என்றால் வேரும் கல்லும் பெரிதாகத் தொந்தரவு செய்யாத தடம். எண் ஏற ஏற படி, பாறை, குறுகிய கொண்டை ஊசித் திருப்பம் எல்லாம் சேரும். எங்கள் மலையில் ஒரு கோட்டுக்கும் எண் இல்லை. சைக்கிள்காரர் யாரும் வரவில்லை, அல்லது வந்தவர் வாயைத் திறக்கவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் வெளிறிய இழையாகத் தெரிவது மரத்தடிக்குப் போனதும் காணாமல் போகிறது. ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் போன வழியைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிறது. ஆனால் ஏறினார்களா, இறங்கினார்களா, பாதியில் தள்ளிக்கொண்டு போனார்களா என்பதெல்லாம் அந்த வெளிச்சக் கோட்டில் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்த பாடம்தான்: சமஉயரக் கோடுகள். என்னிடம் இருக்கும் படத்தில் கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் உயரம். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகப் பாதை 100 மீட்டர் எடுத்துக்கொண்டால் சரிவு 10 சதவீதம். மூச்சு வாங்கினாலும் மிதித்துவிடலாம். 40 மீட்டரில் போய்விட்டால் 25 சதவீதம். அதில் சைக்கிள்தான் நம்மேல் சவாரி செய்யும்.

இரண்டு கோடுகளைக் குறித்து வைத்தேன். ஒன்று உச்சியிலிருந்து கிழக்கே ஒரே நேராக இறங்குகிறது, பார்க்கவே ஆசையாக. இன்னொன்று மேற்குச் சரிவில் எங்கே போகிறோம் என்றே தெரியாமல் வளைந்து வளைந்து போகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சைக்கிளை எடுக்கவில்லை. புது மலையில் முதல் தடவை காலால்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஓட்டிக்கொண்டு போனால் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூன்று மீட்டர் மட்டும்தான் தெரியும்.

கிழக்குக் கோடு பாதையே இல்லை, ஓடை. ஒரு காலத்தில் ஆட்கள் ஏறி இறங்கியிருப்பார்கள். பிறகு தண்ணீர் அதைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரு வேர் குறுக்கே நிற்கிறது, நிஜமாகவே நிற்கிறது. அடியில் இருந்த மண் முழுக்கப் போய்விட்டதால் கையை விட்டால் மறுபக்கம் வருகிறது. மேல்பக்கம் செருப்பும் குளம்பும் தேய்த்து வழவழவென்று இருக்கிறது, அடிப்பக்கம் இன்னும் மண்ணின் சொரசொரப்பு. அதற்குக் கீழே உருண்டைக் கற்கள், பட்டாணியைக் கொட்டி வைத்தது போல. மெல்லிய மண் எல்லாம் மழையோடு கீழே போய்விட்டால் மிஞ்சுவது இதுதான்.

தடம் அமைப்பவர்கள் இதைப் பாதி விதி என்கிறார்கள்: மலைச்சரிவு எவ்வளவோ, அதில் பாதியைத் தாண்டித் தடத்தின் சரிவு இருக்கக்கூடாது. சரிவு 40 சதவீதம் என்றால் தடம் 20-க்குள். தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். இந்தக் கிழக்குக் கோடு பாதியாவது, முழுசு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மேற்குக் கோட்டின் அடிவாரத்தில் கம்பி வேலி. வரைபடத்தில் அது இல்லை. விசாரித்ததில் அந்தத் துண்டு தனியார் நிலம்; மேலே இருப்பது பொது நிலம், சைக்கிளுக்குத் தடை இல்லை. வேலி ஓரமாகச் சுற்றிப் போக வழி உண்டு என்று நிலத்துக்காரரே காட்டினார். பத்து நிமிடப் பேச்சு. இதைச் செய்யாமல் வேலியைத் தாண்டிக் குதிப்பவர்களால்தான் பல மலைகளில் சைக்கிளுக்கே கதவு அடைபட்டிருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

மேற்குத் தடத்தில் ஏறினேன். முழுக்க மிதித்து என்று சொல்ல மாட்டேன்.

ஏற்றத்தில் கியரைச் சரிவு வருவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். சரிவில் வைத்து மாற்றினால் சங்கிலி பல் மாறும்போது முழு எடையும் அதன்மேல் விழுந்து ‘கடக்’ என்கிறது. உட்காரும் இடமும் முக்கியம். எழுந்து நின்றால் பின்சக்கரத்தில் எடை குறைந்து சக்கரம் சும்மா சுற்றும். பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து நெஞ்சைத் தாழ்த்தினால் இரண்டும் மண்ணைப் பிடிக்கின்றன. சுகமான உட்காரல் அல்ல, சொல்லிவிட்டேன்.

பாதி தூரத்தில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத தூக்கிட்டு எங்க தம்பி போற?”

“மேல வரைக்கும் வழி இருக்கான்னு பாக்கறேங்க.”

“வழியெல்லாம் மாடு போட்டதுதான். அது போற போக்குல போ. மாடு நேரா ஏறாது.”

போனேன். அவர் கைகாட்டிய இடத்தில் வரைபடத்தில் எதுவும் இல்லை. தரையில் ஒரு சாண் அகலத் தடம், சரிவை வெட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒரே உயரத்தில் போகிறது, மெல்ல மெல்ல ஏறுகிறது. அன்றைய ஏற்றத்தில் நிற்காமல் மிதித்த நீளமான பகுதி அதுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரவெல்லாம் மழை. நண்பன் அழைத்தான்: “சேறுல ஓட்டுனா செம ஜாலியா இருக்கும்டா, வா.” வரமாட்டேன் என்றேன். ஈரத் தடத்தில் டயர் போட்ட பள்ளம் காய்ந்தால் அப்படியே நிற்கும். அடுத்த மழைக்கு அது வாய்க்கால்.

செப்டம்பர் 10, புதன்

மழை விட்டதும் காலையில் நடந்து போனேன், தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க. ஓட்டுவதைவிட இது சுவாரசியம் என்றால் நண்பன் சிரிப்பான்.

கிழக்குப் பக்கம் எதிர்பார்த்ததுதான்: மேலிருந்து கீழ்வரை கலங்கல் ஓட்டம். மேற்கே ஒரு வளைவுக்கு முன்னால் தடம் திடீரென்று ஓரடி ஏறி மறுபடி இறங்குகிறது. ஓட்டும்போது இடுப்பில் ஒரு குலுக்கலாக மட்டும் தெரிந்த இடம். இன்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மேலிருந்து தடத்தோடு வந்த சிறு நீரோட்டம் அந்த மேட்டுக்கு முன்னால் தயங்கி, வெளிப்பக்கம் திரும்பி, புல்லுக்குள் இறங்கிவிடுகிறது. திரும்பும் இடத்தில் விசிறி மாதிரி மெல்லிய வண்டல் படிந்திருக்கிறது. மேட்டுக்கு அப்பால் தடம் ஈரமாக இருக்கிறது, ஓட்டம் இல்லை. அங்கிருந்து தண்ணீர் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும், சேர்ந்து வேகம் பிடிப்பதற்குள் அடுத்த மேடு.

இதைத் திட்டமிட்டு வைப்பதுதான் நல்ல தடத்தின் ரகசியமே. கூடவே தடத்தின் பரப்பு வெளிப்பக்கம் 5 சதவீத அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத சாய்வு. இந்த மலையில் யாரும் திட்டமிடவில்லை. மாடு ஒரு பாறையைச் சுற்றிப் போனதில் அமைந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காய்ந்துவிட்டது. மேலிருந்து இறங்கினேன், முதல் தடவையாக முழு நீளமும்.

டிராப்பரை (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் விசை) அமுக்கிச் சீட்டைக் கீழே இறக்கிவிட்டால் உடம்புக்கு இடம் கிடைக்கிறது. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கை வெளியே. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல் போதும். வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் முன்பிரேக்தான், அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டே போய்த் தடத்தைச் சுரண்டுவார்கள். வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். ஈர வேர் மீது பிரேக்கே கூடாது. அதைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

கீழே வந்ததும் டிஸ்க்கிலிருந்து கருகல் வாடை. கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே வந்தால் வேறென்ன வரும்? அந்தச் சூட்டுக்குப் போக இடம் வேண்டுமே. விட்டு விட்டு அழுத்தமாகப் பிடித்தால் நடுவில் காற்று அதை எடுத்துக்கொள்ளும்.

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மண் சாலையில் சிலர் பழைய ஒற்றை கியர் சைக்கிளில் போட்டி போட்டு இறங்கினார்கள். சுமார் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், அது பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும். கீழே வருவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்துக்கு ரீபேக், அதாவது ‘மறுபடி அடை’, என்ற பெயரே அதனால் வந்தது. அங்கே கேரி ஃபிஷர் வைத்த நேரம் 4 நிமிடம் 22 விநாடி. அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டே இதற்கென்று தனியாக ஃபிரேம் கட்ட ஆரம்பித்தார். கருகல் வாடைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, சனி

டயர் காற்று. நண்பன் பம்பை எடுத்தால் கல் மாதிரி ஆகும்வரை விடமாட்டான். டியூப்லெஸ், 2.4 அங்குல டயர், என் எடைக்கு முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் 25 என்று வைத்து ஓட்டினேன். கல்லுக்கு மேல் டயர் துள்ளாமல் அதைச் சுற்றி அமுங்குகிறது. இன்னும் குறைத்தால் ரிம் கல்லில் முட்டுகிற சத்தம் கேட்கும், அதுதான் எல்லைக்கோடு. ஆளுக்கு ஆள் மாறும். என் எண்ணை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நண்பனோடு மேற்குத் தடம். மூன்றாவது கொண்டை ஊசியில் அவன் ஒவ்வொரு முறையும் காலை ஊன்றினான்.

“திரும்பவே மாட்டேங்குதுடா.”

“நீ பள்ளத்தையே பாக்கற. பள்ளத்துக்குத்தான் போகும்.”

“பின்ன எதப் பாக்கறது?”

“திரும்பி முடிச்சு வெளிய வர்ற இடத்த.”

வெளிவிளிம்பு வரை அகலமாகப் போய், தலையைத் திருப்பி, பிறகு உள்ளே வெட்டினான். திரும்பியது. உடனே உலக சாம்பியன் மாதிரி கத்தினான், கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த நடைப்பயணி ஒருவர் பதறி ஒதுங்கினார். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு நின்று வழிவிட வேண்டும். நடப்பவர் என்றால் எந்தத் திசையானாலும் சைக்கிள்தான் ஒதுங்க வேண்டும். இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவனுடைய பின் டெரெய்லர் (கியர் மாறச் சங்கிலியை நகர்த்தும் பாகம்) ஒரு பாறையில் இடித்தது. டெரெய்லர் தப்பியது, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. வளைவதற்கென்றே மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள், ஃபிரேமைக் காப்பாற்ற. பையில் மாற்று ஹேங்கர் இல்லாததால் ஏற்றத்தில் எல்லாம் தள்ளினான். ஃபிரேமுக்கு ஃபிரேம் அளவு மாறும் என்பதால் என்னுடையது அவனுக்கு ஆகாது.

அக்டோபர் 5, ஞாயிறு

வரைபடத்தில் திருத்தம். மேற்குத் தடத்துக்குக் கீழ்ப்பாதி 1, மேல்பாதி 2 என்று எண் போட்டேன். வேலியையும் சேர்த்தேன். கிழக்குக் கோட்டை அழிக்கவில்லை, நடப்பவர்களுக்கு அது இன்னும் வழி. 3 என்று போட நண்பன் வற்புறுத்தினான். எண்ணைப் பார்த்துவிட்டு நாலு பேர் வீம்புக்கு வருவார்கள், இருக்கிற மண்ணும் போகும். எண் போடாமல் ‘அரிப்பு’ என்று மட்டும் குறிப்பு எழுதினேன்.

மாட்டுத்தடத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீராத விவாதம். பெரியவரைக் கேட்டோம். “மாடு பயப்படாம இருந்தா சரி” என்றார். பக்கத்தில் வந்ததும் மெதுவாக என்ற குறிப்போடு சேர்த்தாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

மேற்குத் தடத்தில் ஒரே ஓர் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. எல்லோரும் சேற்றைச் சுற்றிப் போய்ப் போய்த் தடம் மூன்று பங்கு அகலமாகிவிட்டது. பொறுப்பானவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி, இன்று மண்வெட்டியோடு போனோம். கல்லைப் போட்டு நிரப்பலாம் என்றான் நண்பன். நிரப்பினால் தண்ணீர் பக்கத்தில் போய்த் தேங்கும். தேங்கும் இடத்தின் வெளிவிளிம்பை அரைவட்டமாக, சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குச் செதுக்கி வெளிப்பக்கம் சாய்த்துவிட்டோம். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அணையாகிவிடும். கடைசியில் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம்: ஓடியது.

அடுத்த வாரம் வடக்குச் சரிவு. அங்கே வரைபடத்தில் ஒரு கோடுகூட இல்லை. மாடு போகிறதா என்று பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நண்பன் ஹேங்கர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறான்.