அலுமினிய எஞ்சின் கசிந்தால்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கசிவின் அளவைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். தரையில் குட்டையாக ஆயில் தேங்கும் வண்டிக்கு ஒரு டாப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கட் போதுமானதாக இருக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வரும் வண்டிக்கு பிளாக்கே (சிலிண்டர்கள் அமைந்த அடி வார்ப்பு) போயிருக்கலாம். கசிவது ஆயிலா கூலன்ட்டா, எங்கிருந்து, அலுமினிய வார்ப்புக்குச் சேதம் உண்டா என்பது தெரிந்த பிறகுதான் எஞ்சின் மாற்றும் பேச்சு.

ஆயில் கசிவானால் முதலில் எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். பழைய அழுக்கின் மேல் தேடினால் எந்த இடமும் குற்றவாளியாகத்தான் தெரியும். ஆயிலில் யூவி சாயம் கலந்து, வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, யூவி விளக்கை மேலிருந்து கீழாக அடித்துப் பார்க்கவும். ஆயில் கீழே வழியும், காற்றில் பின்னால் தள்ளப்படும். பின் கிராங்க் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கிய பிறகு, மேலே டாப்பட் கவரின் பின்மூலையிலிருந்து வழிந்ததுதான் என்று தெரியவருவது பட்டறைகளில் சகஜம்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் ஆயில் கசிந்தால் சீல்களைச் சந்தேகிக்கும் முன், கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் அடியறை) வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக் கசியவைக்கும். சின்ன பாகம், எளிதில் மாற்றலாம். அதைச் சரிசெய்யாமல் போடும் புது சீலும் சீக்கிரமே கசியும். சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), டைமிங் கவர் ஓரங்களில் சிலிகான் சீலன்ட் உரிந்திருப்பதும், டிரெயின் பிளக் மரை தேய்ந்திருப்பதும் அலுமினியத்தில் வழக்கம். மரைக்கு இன்செர்ட் (துளைக்குள் இறக்கும் புது மரை) போட்டால் தீரும். இவை எதற்கும் எஞ்சினை மாற்றத் தேவையில்லை.

கூலன்ட் கசிவுதான் கவலைக்குரியது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்துக்கு (பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார்) கைப்பம்பால் ஏற்றி 20 நிமிடம் விடவும். முள் இறங்கினால் வாட்டர் பம்பின் கசிவுத் துளை, ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் உறை, பிளாக்கின் வெளிச்சுவர் என்று வரிசையாகப் பார்க்கவும். வெளியே ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கசிவு உள்ளே இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கிராங்க்கைச் சுற்றுங்கள், எந்த ஓட்டையிலிருந்து நீர் தெறிக்கிறதோ அந்தச் சிலிண்டர்தான். அழுத்தம் இறங்கவே இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால், சிலிண்டரில் எரிந்த புகை கூலன்டுக்குள் வருகிறதா என்று ரசாயனச் சோதனை செய்ய வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் நீலத் திரவம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டோ (பிளாக்கின் மேல் பூட்டும் வார்ப்பு), பிளாக்கோ ஏதோ ஒன்று விட்டிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் உண்மையான தீர்ப்பு. போல்ட் தளர்த்தும்போதே கவனியுங்கள்: ஒன்று இறுக்கமே இல்லாமல் வந்தாலோ, மரையில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தாலோ, பிளாக்கின் மரை பிய்ந்துவிட்டது. போல்ட் எஃகு, அலுமினியம் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. நீளத்தில் 100 டிகிரி வெப்பம் கூடினால் வித்தியாசம் சுமார் 0.1 மி.மீ. அந்த இழுப்பு முழுதும் விழுவது மரைகளின் மேல். டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ, கேடிலாக்கின் நார்த்ஸ்டார் வி8 இரண்டிலும் இப்படி ஹெட் போல்ட் மரை பிய்ந்து வந்தது பலரும் அறிந்ததே. வழிகாட்டித் தகட்டைப் பிளாக்கின் மேல் பொருத்தி, செங்குத்தாகத் துளையிட்டு, டேப் போட்டு, கம்பிச்சுருள் இன்செர்ட்டுக்குப் பதில் திடமான புஷ் வகை இன்செர்ட் இறக்கினால் பழையதைவிட உறுதியாக நிற்கும். பிய்ந்த ஒரு துளைக்கு மட்டும் போடாமல் எல்லாத் துளைக்கும் போடுங்கள், மற்றவையும் அதே சூட்டில் வெந்தவைதான். துளையில் ஆயிலோ நீரோ நின்றால் ஊதி எடுக்காமல் போல்ட்டை இறக்க வேண்டாம். அடைபட்ட திரவம் பிளாக்கையே பிளக்கும்.

அடுத்தது ஹெட்டும் பிளாக்கும் சேரும் பரப்பின் மட்டம். நேர்ப்பட்டையை நீளம், அகலம், இரு மூலைவிட்டம் என்று வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கவும். பல தயாரிப்பாளர்கள் ஹெட்டுக்கு 0.05 மி.மீ., அதிகபட்சம் 0.1 மி.மீ. வரை அனுமதிக்கிறார்கள், உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. ஹெட்டைச் சமன்செய்வது எளிது, ஆனால் கேம்ஷாஃப்ட் தாங்கிகளும் வளைந்திருந்தால் அடியை மட்டும் சீவிப் பயனில்லை. கேஸ்கட் எச்சத்தை எடுக்க சுழலும் சாணைத் துணித்தட்டு வேண்டாம். அதிலிருந்து உதிரும் பொடி ஆயிலோடு போய் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பிளாக்கில் விரிசல் என்றால் இடம் முக்கியம். வெளிச்சுவரில், கூலன்ட் அறையில், எளிதில் எட்டும் இடத்தில் இருந்தால் டிக் வெல்டிங் சாத்தியம்: விரிசலின் இரு முனையிலும் சிறு துளை, வி வடிவில் பள்ளம், முன்சூடு, 4043 நிரப்புக் கம்பி. ஆனால் ஆயில் ஊறிய வார்ப்பு வெல்டிங்கின்போது நுரைத்துக் குமிழியிடும். எத்தனை முறை சுத்தம் செய்தாலும் உள்ளிருந்து வந்துகொண்டேயிருக்கும். சிலிண்டர் சுவர், லைனர் அருகு, மெயின் பேரிங் பகுதி என்றால் வெல்டிங் வேண்டாம், பிளாக்கை மாற்றிவிடலாம். ஹோண்டா 2006 முதல் 2008 வரையான சிவிக்கின் ஆர்18 பிளாக் விரிசலுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டுக்கு நீட்டியது போல, உங்கள் மாடலுக்கும் ஏதாவது இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்துவிட்டுத்தான் கைவையுங்கள். சோடியம் சிலிகேட் லீக் அடைப்பான் வீடு சேரும்வரைதான் உதவும், அதற்குள் ரேடியேட்டரையும் ஹீட்டரையும் அடைக்கும்.

எல்லோரும் மறப்பது பேரிங். ஆயில் பால் நிறமாகி அப்படியே ஓடிய எஞ்சினில் ஹெட் வேலை முடித்துப் பூட்டும் முன், சம்பை இறக்கி ஒரு கனெக்டிங் ராட் தொப்பியையாவது கழற்றிப் பாருங்கள். கிளைகால் கலந்த ஆயில் மசகாக வேலை செய்யாது. பேரிங் மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தாலோ, கிராங்க்கில் நகம் மாட்டும் கோடு இருந்தாலோ, ஹெட் கேஸ்கட்டுக்குச் செலவழிப்பது வீண்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய எஞ்சின் வாங்கும்போது எல்லாச் சிலிண்டருக்கும் கம்ப்ரஷனும், காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையும் கேளுங்கள். எஞ்சின் குறியீடும் சென்சார் அமைப்பும் எஞ்சினை இயக்கும் கணினியான உங்கள் ஈசியூவோடு பொருந்த வேண்டும். வெளியே இருக்கும்போதே பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு அதே சீலுக்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். முந்தைய எஞ்சின் சூடேறிப் போனதென்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் சோதிக்காமல் புதிதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள்.